மொத்தம் சரியாக இருந்தது: ஒரு சிறு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் 22 மாதம் நடந்த கையாடல்

உரிமையாளரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். யாருடைய பெயரும் இதில் இல்லை. அந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கை முடித்துக் கொடுக்கும் வெளிக் கணக்காளர் நான். நடந்ததைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பங்கு உண்டு. அதற்கு முன்பு கண்டுபிடிக்காமல் விட்டதிலும் பங்கு உண்டு. இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

அட்டைப்பெட்டி தயாரிக்கும் நிறுவனம். தொடங்கி 14 ஆண்டுகள் ஆகின்றன. உரிமையாளர் ஒரு பெண். விற்பனை, வாடிக்கையாளர், வங்கி எல்லாம் அவர் பொறுப்பு. இயந்திரங்களையும் உற்பத்தியையும் அவருடைய தம்பி பார்த்துக்கொள்கிறார். அலுவலகத்தையும் சேர்த்து 64 பேர் வேலை செய்கிறார்கள். இரண்டு ஷிப்ட், ஷிப்டுக்கு ஒரு சூப்பர்வைசர். வேலை கடினமானது என்பதால் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். ஆண்டுக்கு 25, 30 பேர் போவதும் அந்த இடத்துக்குப் புதியவர்கள் வருவதும் வழக்கம்.

பணியாளர் துறை என்று தனியாக எதுவும் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக இருந்த ஒரே கணக்காளர்தான் எல்லாம். புதியவரின் பெயரைச் சேர்ப்பது, போனவரின் பெயரை எடுப்பது, கைரேகை இயந்திரத்தின் வருகைப்பதிவை எக்செல்லுக்குக் கொண்டுவருவது, ஓவர்டைம் சீட்டுகளைக் கூட்டுவது, பிடித்தம் போடுவது, வங்கிக்கு அனுப்பும் கோப்பைத் தயாரிப்பது, பே ஸ்லிப் கொடுப்பது, பேரேட்டில் எழுதுவது, கடைசியில் வங்கி ஸ்டேட்மெண்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என எல்லாம் அவர் கையில். லீவே எடுக்க மாட்டார். காய்ச்சலோடு மாதக் கடைசியில் வந்து உட்கார்ந்த நாட்களும் உண்டு. அதை அர்ப்பணிப்பு என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

வங்கியின் இணையச் சேவையில் கோப்பை ஏற்றுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர் என்று இரண்டு உள்நுழைவுகள் இருந்தன. சரியான ஏற்பாடுதான். ஆனால் உரிமையாளர் பெரும்பாலும் வாடிக்கையாளர்களைப் பார்க்க வெளியே போய்விடுவார். அதனால் அவருடைய கடவுச்சொல்லும் கணக்காளரிடமே இருந்தது. சம்பள நாளில் போன் வரும்: “மேடம், கோப்பு ரெடி. போன மாதத்தைவிடக் கொஞ்சம் கம்மிதான்.” உரிமையாளர் மொத்தத் தொகையைக் கேட்டுக்கொண்டு, மொபைலுக்கு வந்த ஓடிபியைச் சொல்லிவிடுவார். சில வினாடி வேலை.

ஆண்டு முடிவில் நான் மூன்று மொத்தங்களைப் பார்ப்பேன். சம்பளப் பட்டியலின் மொத்தம், பேரேட்டின் மொத்தம், வங்கியிலிருந்து போன மொத்தம். மூன்றும் ஒவ்வோர் ஆண்டும் ஒத்துப்போயின. மூன்றுமே ஒரே பட்டியலிலிருந்து கிளம்பியவை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பட்டியலே தவறென்றால், தவறும் மூன்று இடத்திலும் ஒரே அளவில்தான் இருக்கும்.

முதல் தகவல்

ஐந்து மாதம் முன்பு வேலையை விட்டுப்போன ஒருவர் வாசலுக்கு வந்தார். வேறு நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறார். அங்கே வரிப்பதிவைச் சரிபார்த்தபோது, ஒரே மாதங்களில் இரண்டு நிறுவனங்கள் அவருக்குச் சம்பளம் கொடுத்ததாகக் காட்டியிருக்கிறது. பழைய இடத்தில் வேலையை விடாமலே இங்கே சேர்ந்தாரா என்று புதிய முதலாளி கேட்டுவிட்டார்.

அவர் வந்து கேட்டது உரிமையாளரின் தம்பியிடம். கணக்காளர் அந்த நேரம் வங்கிக்குப் போயிருந்தார். தம்பி விவரம் கேட்டபோதுதான் இது இரண்டாவது முறை என்பது தெரிந்தது. இரண்டு வாரம் முன்பும் வந்திருக்கிறார். அப்போது வாசலில் இருந்தவர்கள் நேராகக் கணக்காளரிடம் அனுப்பியிருக்கிறார்கள். “கம்ப்யூட்டர் தப்பு, நான் சரி பண்ணிடறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டார் கணக்காளர்.

மோசடி ஆய்வாளர்களின் உலகளாவிய அமைப்பான ஏ.சி.எஃப்.இ. 2024-ல் வெளியிட்ட அறிக்கை 1,921 வழக்குகளை ஆராய்ந்தது. அவற்றில் 43 விழுக்காடு யாரோ ஒருவர் வந்து சொன்னதால் வெளிப்பட்டவை. அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் மேல் ஊழியர்கள். இங்கேயும் ஒருவர் தேடி வந்து சொல்லத்தான் செய்தார். ஆனால் சம்பளம் பற்றிய எந்தக் கேள்வியும் சம்பளம் போடுபவரிடமே போய்ச்சேரும்படி இருந்ததால் முதல் முறை அது அங்கேயே நின்றுவிட்டது. கணக்காளர் அன்று மேசையில் இருந்திருந்தால் இரண்டாவது முறையும் நின்றிருக்கும்.

ஒன்பது நாள் காத்திருந்தது ஏன்

அன்று மாலை உரிமையாளர் எனக்கு போன் செய்தார். கணக்காளரை உடனே கூப்பிட்டுக் கேட்கப்போவதாகச் சொன்னார். அவருடைய கோபம் நியாயமானது. ஆனாலும் சம்பள நாள் வரை, அதாவது ஒன்பது நாள், பொறுக்கச் சொன்னேன்.

காரணம் இதுதான். கையில் இருந்தது ஒரே ஒரு பெயர். அதை வைத்துக் கேட்டால் “பெயரை எடுக்க மறந்துட்டேன்” என்று ஒரு பதில் போதும். மூன்று மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்துவிடும். மற்ற கோப்புகளும் அழிந்துவிடலாம். இன்னொரு பக்கம், அது உண்மையிலேயே மறதியாகவும் இருந்திருக்கலாம். ஒன்பது ஆண்டு உழைத்தவரை ஒரு பெயரை வைத்துத் திருடன் என்று சொல்லக்கூடாது. இரண்டு காரணத்துக்காகவும் முதலில் காகிதங்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

கணக்காளரின் கைபடாத பதிவுகளை மட்டுமே எடுப்பது என்று முடிவு செய்தோம். உரிமையாளர் வங்கிக்கு நேரில் போய், 24 மாத ஸ்டேட்மெண்டையும் ஒவ்வொரு சம்பளக் கோப்பில் இருந்த கணக்கு எண்களையும் வாங்கினார். கைரேகை இயந்திரத்தின் மூலப்பதிவை இயந்திரத்திலிருந்தே நகலெடுத்தோம். சூப்பர்வைசர்கள் எழுதும் கைநோட்டு கிடைத்தது. பாதுகாப்புக் காலணியும் சீருடையும் கொடுக்கும் பதிவேடு ஸ்டோரில் இருந்தது; தம்பி அதைக் கொண்டுவந்தபோது எதற்கு என்றுதான் நினைத்தேன். கடைசியில் மிகத் தெளிவான சாட்சி அதுவாகத்தான் இருந்தது.

பார்த்தது என்ன

கணக்கு எண்களிலிருந்து தொடங்கினேன். ஒரே மாதத்தில் ஒரே கணக்குக்கு இரண்டு பேர் சம்பளம் போயிருக்கிறதா என்று தேடினால் ஒன்றும் இல்லை. பலரும் இந்தச் சோதனையோடு நிறுத்திவிடுவார்கள். 24 மாதத்தையும் ஒன்றாகக் கொட்டி, கணக்கு எண் வாரியாக அடுக்கினேன். அப்போது தெரிந்தது. ஒரு கணக்கு எண்ணுக்கு வெவ்வேறு மாதங்களில் 9 பேரின் பெயரில் சம்பளம் போயிருந்தது. இன்னொன்றுக்கு 6 பேர். மூன்றாவதுக்கு 3 பேர். எந்த மாதத்திலும் ஒரு கணக்குக்கு ஒரு பெயர்தான். மாதக் கோப்பை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாதபடி நிதானமாகச் செய்யப்பட்ட வேலை.

கோப்பில் தொழிலாளியின் பெயர் சரியாகவே இருந்தது. கணக்கு எண் மட்டும் வேறு. தொகுப்பாகப் பணம் அனுப்பும் பல வங்கி முறைகளில் கணக்கு எண்ணை வைத்தே பணம் வரவாகிறது. பெயர் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. உரிமையாளருக்கு இது புதிய செய்தி. பெயர் தப்பாக இருந்தால் வங்கி திருப்பி அனுப்பிவிடும் என்றே அவர் நம்பியிருந்தார்.

அடுத்து கைரேகைப் பதிவோடு ஒப்பிட்டேன். அந்த 18 பெயர்களில் 17 பேர் உண்மையாக வேலை செய்து போனவர்கள். அவர்களுடைய கடைசிக் கைரேகைக்குப் பிறகும் ஒன்று முதல் நான்கு மாதம் வரை பட்டியலில் பெயர் நீடித்திருந்தது. எல்லாம் சேர்ந்து 41 மாதச் சம்பளம். பதினெட்டாவது ஆள் வேறு வகை. 11 மாதம் முன்பு சேர்ந்ததாகப் பதிவு இருந்தது, ஆனால் ஒரு நாள்கூட கைரேகை இல்லை. எக்செல்லில் மட்டும் முழு வருகை. லீவு ஒரு நாளும் இல்லை, அட்வான்ஸ் கேட்டதில்லை, ஓவர்டைமில் குறை சொன்னதில்லை. ஸ்டோர் பதிவேட்டில் அவருக்குக் காலணி கொடுத்ததாக ஒரு வரி இல்லை. காலணி இல்லாமல் யாரும் அந்த இயந்திரங்களிடம் போக முடியாது.

ஆக 52 மாதச் சம்பளம். 64 பேர் உள்ள நிறுவனத்தில் ஒரு மாத மொத்தச் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்கு என்று சொல்லலாம். 22 மாதத்தில் பரவிக் கிடந்ததால் எந்த மாதமும் அது கண்ணில் பட்டதில்லை.

கண்ணில் படாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆர்டர் குறைந்து ஓவர்டைம் இறங்கிய மாதங்களில்தான் கூடுதல் பெயர்கள் அதிகம் இருந்தன. ஓவர்டைம் உயர்ந்த மாதங்களில் குறைந்தன. மொத்தத்தை மட்டம் பார்த்து வைத்திருக்கிறார். உற்பத்தி இரண்டு மாதம் தொடர்ந்து சரிந்தபோதும் சம்பளத் தொகை ஏறக்குறைய அசையவில்லை. மொத்தத்தைப் போன மாதத்தோடு ஒப்பிட்ட உரிமையாளருக்கு அது நிம்மதி தந்தது. உற்பத்தியோடு ஒப்பிட்டிருந்தால் கேள்வி எழுந்திருக்கும்.

சூப்பர்வைசர் மேல் விழுந்த சந்தேகம்

இந்த இடத்தில் நாங்கள் ஒரு தவறு செய்தோம்.

போனவர்களின் பெயரில் சில ஓவர்டைம் சீட்டுகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் இரவு ஷிப்ட் சூப்பர்வைசரின் கையெழுத்து. அவரும் கூட்டு என்று தம்பி முடிவுகட்டிவிட்டார். நான் தடுப்பதற்குள் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “ஆள் இல்லாதப்போ எப்படிக் கையெழுத்துப் போட்டீங்க?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். சூப்பர்வைசர் அதிர்ந்துபோய், மறுநாள் வேலைக்கே வரவில்லை. தளத்தில் பேச்சு கிளம்பியது. கணக்காளர் காதுக்குப் போயிருந்தால் ஒன்பது நாள் பொறுமையும் வீணாகியிருக்கும்.

உண்மை என்னவென்றால், வாரத் தொடக்கத்தில் ஒரு கட்டு வெற்றுச் சீட்டில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது கணக்காளரின் வழக்கம். இரவு ஷிப்ட் முடிந்து சூப்பர்வைசர் காத்திருக்க வேண்டாமே என்ற சாக்கு. சூப்பர்வைசரின் சொந்த நோட்டில் அந்த மணிநேரங்கள் எதுவும் இல்லை. அவர் கவனக்குறைவாக இருந்தார், அவ்வளவுதான். அவருடைய நோட்டை முதலில் பார்த்திருந்தால் பத்து நிமிடத்தில் இது தெளிவாகியிருக்கும். தம்பி பிறகு அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுக் கூட்டிவந்தார். ஆனாலும் பழைய நெருக்கம் திரும்ப மாதங்கள் ஆயின.

சம்பள நாள்

காலையில் கணக்காளர் கோப்பை ஏற்றினார். 67 வரிகள். முந்தின நாளே இரண்டு சூப்பர்வைசர்களிடமும், அலுவலகத்தில் மூத்த ஒருவரிடமும், அந்த மாதம் வேலை செய்தவர்களின் பெயரை வெற்றுத் தாளில் எழுதித் தரச் சொல்லியிருந்தோம். சேர்த்துப் பார்த்தால் 64. அதிகமாக இருந்த மூன்று பெயரும் அந்த மூன்று கணக்கு எண்களுக்குப் போவதாக இருந்தன.

போன் வந்தபோது உரிமையாளர் ஓடிபி சொல்லவில்லை. “நான் ஆபீசுக்கு வந்துட்டிருக்கேன், வந்து பார்க்கறேன்” என்றார். வந்து தன் கடவுச்சொல்லை மாற்றி, கோப்பைத் திருப்பி அனுப்பி, மூன்று வரிகளை நீக்கி, 64 பேருக்கு ஒப்புதல் கொடுத்தார். மாலை நான்கு மணிக்குள் எல்லோருக்கும் சம்பளம் போய்விட்டது. இதில் நாங்கள் உறுதியாக இருந்தோம். விசாரணைக்காக ஒருவருடைய சம்பளம்கூட ஒரு நாள் தள்ளிப்போகக் கூடாது. சம்பளம் தாமதமானால் தளம் முழுக்க வதந்தி பரவும் என்பது ஒரு பக்கம். செய்த வேலைக்கான கூலியை எதிர்பார்த்து வீட்டில் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இந்த விவகாரத்தில் எந்தப் பங்கும் இல்லை என்பதுதான் பெரிய காரணம்.

சம்பளம் போனதும் கணக்காளரின் உள்நுழைவுகளை நிறுத்தினோம். அவருடைய கணினியைத் தொடாமல் ஒரு முழு நகல் எடுக்க வெளி ஆளை வரவழைத்தோம். பிறகுதான் அவரைக் கூப்பிட்டோம்.

அவரோடு பேசியது

உரிமையாளரும் நானும் மட்டும். கதவு பூட்டவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். மிரட்டி வாங்கிய வாக்குமூலம் பிறகு எதற்கும் உதவாது. தவிர, அது தவறு.

சம்பளம் போடும் முறையைச் சொல்லுங்கள் என்று ஆரம்பித்தேன். விவரமாகச் சொன்னார். பிறகு மூன்று பெயரைக் காட்டினேன். “கம்ப்யூட்டர் தப்பு சார்.” கணக்கு எண் வாரியாக அடுக்கிய தாளை வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கணக்குகள் தன் உறவினர்களுடையவை என்றார்.

தொடங்கிய விதத்தை அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. 22 மாதம் முன்பு, போன ஒருவரின் பெயரை எடுக்க உண்மையிலேயே மறந்திருக்கிறார். அந்தத் தொழிலாளி வங்கிக் கணக்கை மூடிவிட்டதால் பணம் திரும்பி வந்தது. திரும்பிய தொகை ஸ்டேட்மெண்டில் ஒரு வரியாக நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம், யாரும் கேட்கவில்லை. அந்த நேரம் வீட்டில் பெரிய மருத்துவச் செலவு. இரண்டு முறை சம்பள உயர்வு கேட்டுக் கிடைக்காத வருத்தமும் இருந்தது. ஒரு முறை மட்டும் எடுத்துக்கொண்டு பிறகு திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்ததாகச் சொன்னார்.

குற்றவியலாளர் டொனால்ட் கிரெஸ்ஸி 1953-லேயே, நம்பிக்கைக்குரிய பதவியில் இருந்து கையாடியவர்களிடம் பேசி எழுதியதும் இதுதான்: வெளியே சொல்ல முடியாத பண நெருக்கடி, மறைவாகத் தீர்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஒரு நியாயம். கணக்காளரின் நெருக்கடி உண்மையானது என்றே நம்புகிறேன். அதற்காக அவர் செய்தது சரியாகிவிடாது. ஆனால் மூன்றில் ஒன்று முழுக்க நிறுவனத்தின் கையில் இருந்தது. திரும்பி வந்த பணத்தைப் பற்றி யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஒரு முறையும் நடந்திருக்காது.

பிறகு எடுத்த முடிவுகள்

அன்றே கையெழுத்து எதுவும் வாங்கவில்லை. உரிமையாளர் ஒரு வழக்கறிஞரிடம் போனார். அவர் சொன்ன இரண்டு விஷயங்கள் முக்கியமானவை. கடைசிச் சம்பளத்திலிருந்து இஷ்டத்துக்குப் பிடித்துக்கொள்ளக் கூடாது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம் என்பதற்குச் சட்டம் எல்லை வைத்திருக்கிறது. அடுத்தது, “பணத்தைக் கட்டு, இல்லாவிட்டால் போலீசுக்குப் போவேன்” என்ற மாதிரிப் பேசவே கூடாது. அப்படிப் பேரம் பேசுவது பல நாடுகளில் தனிக் குற்றமாகலாம். புகார் கொடுப்பதும் பணத்தை மீட்பதும் தனித்தனியாக எடுக்க வேண்டிய முடிவுகள்.

கணக்காளர் முறைப்படி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். ஒரு வாரம் கழித்து, தன் தரப்பு வழக்கறிஞரோடு வந்து எழுத்தில் ஒப்புக்கொண்டார். மூன்றில் ஒரு பங்கை உடனே கட்டினார். மீதிக்கு 18 தவணை. 14 மாதங்களாக எடுத்த அட்வான்ஸ்களைத் தன் சம்பளத்தில் பிடிக்காமலே விட்டிருந்ததும் பின்னால் தெரியவந்தது, அதுவும் தொகையில் சேர்ந்தது. முதல் 10 தவணை ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு தாமதம். எழுதும் இந்த நேரத்தில் மூன்று தவணை நிலுவை.

குற்றப் புகார் கொடுப்பதில்லை என்பது உரிமையாளரின் முடிவு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. புகார் இல்லாததால் அவர் அடுத்த இடத்தில் இதே வேலையில் சேர முடியும். ஆனால் பணம் உரிமையாளருடையது, ஒன்பது ஆண்டுப் பழக்கமும் அவருடையது.

மற்ற ஊழியர்களுக்கு என்ன சொல்வது என்பதில் குழப்பம் இருந்தது. கடைசியில் உரிமையாளரே தளத்துக்குப் போய் நான்கு வாக்கியம் பேசினார். சம்பளக் கணக்கில் முறைகேடு நடந்தது, அதற்குப் பொறுப்பானவர் இப்போது இங்கே இல்லை, உங்கள் யார் பணமும் குறையவில்லை, சந்தேகம் இருந்தால் என்னிடம் நேராக வாருங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் ஐந்து பேர் பே ஸ்லிப்போடு வந்தார்கள். எல்லாம் சின்னச் சின்னச் சந்தேகங்கள்தான். ஆனால் அதற்கு முன்பு ஒன்பது ஆண்டில் ஒருவர்கூட வந்ததில்லை.

வேலையை விட்டவர்களின் பதிவுகள்

பேசும்போது எல்லோரும் நிறுவனத்தின் நஷ்டத்தைத்தான் கேட்பார்கள். எனக்கு அதிகம் உறுத்தியது அந்த 17 பேரின் நிலை. அவர்கள் வாங்காத சம்பளம் அவர்களுடைய வரிப்பதிவில் ஏறியிருந்தது. ஒருவருக்கு, வேலையில் இருக்கிறார் என்று பதிவு காட்டியதால் வேலையில்லாத காலத்துக்கான உதவித்தொகை மறுக்கப்பட்டிருந்தது. ஏன் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

இதைச் சரிசெய்யத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிக காலம் ஆனது: நான்கு மாதம். மாதவாரியாக அறிக்கைகளைத் திருத்தி மறுபடி தாக்கல் செய்தோம். ஒவ்வொருவருக்கும் அவருடைய உண்மையான கடைசி வேலை நாளைக் குறிப்பிட்டு, தவறு நிறுவனத்துடையது என்று உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம் தயாரித்தோம். முதலில் வாசலுக்கு வந்தவரிடம் உரிமையாளர் நேரில் போய்க் கொடுத்தார். உதவித்தொகை மறுக்கப்பட்டவருக்கு அந்தக் கடிதத்தின் பேரில் மறுபரிசீலனை நடந்து பணம் கிடைத்தது.

மாற்றிய நடைமுறை

பெரிய மென்பொருள் எதுவும் வாங்கவில்லை. வாங்கலாம் என்று பலர் சொன்னார்கள். பட்டியலில் யார் பெயர் இருக்கலாம் என்பதை ஒருவரே முடிவு செய்தால், எந்த மென்பொருளும் அந்தப் பெயருக்கு ஒழுங்காகச் சம்பளம் போட்டுக் கொடுத்துவிடும்.

ஒவ்வொரு மாதமும் 25-ம் தேதி சூப்பர்வைசர்கள் தங்கள் ஷிப்டில் வேலை செய்தவர்களின் பெயரை உரிமையாளரிடம் நேராகக் கொடுக்கிறார்கள். தொகை எதுவும் அதில் இருக்காது. ஆளை முகம் பார்த்து அறிந்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம். கணக்காளரின் பட்டியலுக்கு மேல் ஒரு தனிப் பக்கம்: இந்த மாதம் யார் சேர்ந்தார், யார் போனார், யாருடைய வங்கிக் கணக்கு மாறியது, யாருடைய சம்பள விகிதம் மாறியது. உரிமையாளர் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான், மொத்தத்தைக் கடைசியில் பார்க்கிறார். கூடவே ஓவர்டைம் மணிநேரத்தை அந்த மாத உற்பத்தியோடு ஒப்பிடுகிறார்.

வங்கிக் கணக்கை மாற்ற ஊழியர் நேரில் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும். சேரும்போது கொடுத்த போன் எண்ணுக்கு வேறொருவர் கூப்பிட்டு உறுதி செய்வார். இது உள்ளே இருப்பவர்களுக்காக மட்டும் வைத்ததல்ல. ஊழியர்களின் உள்நுழைவு விவரத்தை ஏமாற்றி வாங்கிச் சம்பளத்தை வேறு கணக்குக்குத் திருப்பும் கும்பல்களைப் பற்றி அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

வங்கி ஸ்டேட்மெண்ட் முதலில் உரிமையாளருக்கு வரும். திரும்பி வந்த ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் காரணம் எழுதி அவர் கையெழுத்துப் போடுகிறார். போகிறவர்களுக்குக் கடைசி நாளிலேயே, கடைசி வேலை நாள் குறித்த கடிதம் கையில் தரப்படுகிறது. சம்பளத்தில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று உரிமையாளரின் எண்ணும் அதில் இருக்கும். ஓடிபியை யாரிடமும் சொல்வதில்லை. கணக்காளர் ஆண்டுக்கு இரண்டு வாரம் தொடர்ச்சியாக லீவு எடுத்தே ஆக வேண்டும்; அதில் ஒரு சம்பள நாள் வரும்படி பார்த்து, அந்த மாதச் சம்பளத்தை வேறொருவர் போடுகிறார்.

புதிய கணக்காளர் சேர்ந்தபோது இதையெல்லாம் முதல் நாளே சொன்னோம். அவர் முகம் கொஞ்சம் மாறியது. நாளைக்கு யாராவது உங்களை நோக்கிக் கை நீட்டினால் இந்தத் தாள்கள்தான் உங்களைக் காப்பாற்றும் என்று உரிமையாளர் விளக்கினார். இரவு ஷிப்ட் சூப்பர்வைசருக்கு நடந்ததையும் மறைக்காமல் சொன்னார்.

ஓராண்டு கழித்து

முதல் இரண்டு மாதம் உரிமையாளருக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இப்போது ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறது.

நான்காவது மாதம் ஒரு பிழை கிடைத்தது. ஒருவருக்கு இரண்டு முறை அட்வான்ஸ் போயிருந்தது; புதிய கணக்காளரே கண்டுபிடித்துச் சொன்னார். ஏழாவது மாதம் பகல் ஷிப்ட் சூப்பர்வைசரின் பெயரில், சம்பளக் கணக்கை மாற்றச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தது. வழக்கப்படி போன் செய்து கேட்டால், அவர் அப்படி எதுவும் அனுப்பவில்லை.

சரியாக வராத ஒன்றும் உண்டு. சூப்பர்வைசர்களில் ஒருவர் பெயர்ப் பட்டியலை மூன்று மாதம் போன மாதத் தாளைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தார். நடுவில் போன ஒருவரின் பெயரும் அதில் வந்ததால் தெரிந்தது. கெட்ட எண்ணம் இல்லை, வேலைப்பளு. இப்போது 25-ம் தேதி உரிமையாளரோ தம்பியோ ஷிப்ட் நேரத்தில் போய், பக்கத்தில் நின்றே எழுதி வாங்குகிறார்கள்.

மறுபடி நடந்தால்

கணக்காளரைக் கேட்பதற்கு முன் வெளிப் பதிவுகளைத் திரட்டியதை மறுபடியும் அப்படியே செய்வேன். ஒன்பது நாள் பொறுத்ததும் சரிதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் விஷயம் தெரிந்த மூன்று பேரும் முதல் நாளே உட்கார்ந்து, யாரிடம் யார் எப்போது பேசுவது என்று தீர்மானித்திருக்க வேண்டும். அதைச் செய்யாததற்கு இரவு ஷிப்ட் சூப்பர்வைசர் விலை கொடுத்தார்.

என் வேலையிலும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போது எந்தச் சிறு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கை முடிக்கப் போனாலும், சம்பளப் பட்டியலிலிருந்து பத்துப் பெயரைக் குறித்துக்கொண்டு தளத்துக்குப் போகிறேன். அந்தப் பத்துப் பேரையும் நேரில் பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்து போனவர் இருந்தால் மறுநாள் வருகிறேன். அரை நாள் வேலை. முந்தைய ஆண்டு முடிவில் அந்த அரை நாளைச் செலவிட்டிருந்தால், காலணி வாங்காத அந்த ஆள் எங்கே என்று கேட்டிருக்க வாய்ப்பு இருந்தது.

17 கடிதங்களில் 14 போய்ச்சேர்ந்துவிட்டன. மூன்று பேர் முகவரியும் போன் எண்ணும் மாறிப் போய்விட்டார்கள். அவர்களோடு வேலை பார்த்தவர்களிடம் சூப்பர்வைசர்கள் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று கடிதமும் உரிமையாளரின் மேசையில், சம்பளக் கோப்புக்கு மேலேயே இருக்கின்றன.